திராட்சை என்று சொன்ன பீட்ரூட் மிட்டாய்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. சிட்லபாக்கத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி கிருபா, வியாழக்கிழமை மாடியேறி வந்து சொன்னது. "நீங்க கதை எழுதறவங்கதானேக்கா. அடுத்து நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க." எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

2

பீட்ரூட்டின் நிறம், பிரிவின் நிறத்தைப் போல—

(வேண்டாம். நடந்ததையே சொல்கிறேன்.)

கிருபா பீட்ரூட் சாற்றில் பேரீச்சம்பழத்தை மசித்து, கடல்பாசி போட்டுக் காய்ச்சி, எலுமிச்சை பிழிந்து, தட்டில் ஊற்றித் துண்டு போட்டாள். வெள்ளைச் சர்க்கரை கிடையாது. நாவலூரில் இருக்கும் பேத்திக்குக் கணவருக்குத் தெரியாமல் கூரியரில் அனுப்பத்தான். கணவர் வேதசிரோமணி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மகள் ஜோசலின் சக்திவேலைக் கட்டிக்கொண்டதிலிருந்து, நாலு வருடமாக, அவளோடு பேச்சில்லை.

அவர் தட்டைப் பார்த்துவிட்டார்.

"என்னது இது?"

"திராட்சை மிட்டாய்ங்க. சும்மா செஞ்சு பாத்தேன்."

பீட்ரூட் என்றால் இலையை விட்டே எழுந்துவிடுகிறவர், பதினோரு துண்டு சாப்பிட்டார்.

3

மறுநாள், புதன்கிழமை காலை, குளியலறையிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "யூரின் ரத்தமா போகுது கிருபா. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

"திங்கக்கிழமை போலாம். மொதல்ல ஜோசலினைப் பாக்கணும். போனைக் குடு, நானே பேசறேன்."

பேசினார். அழுதார். ஜோசலின் சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கிருபாவுக்கும் சிவப்பாகப் போயிற்று. அவளும் நாலு துண்டு தின்றிருந்தாள். அது பீட்ரூட்டின் நிறம் என்று அப்போதுதான் புரிந்தது.*

* கணக்கு வாத்தியாருக்கு இது தோன்றாதா என்று எனக்கும் சந்தேகம்தான். திராட்சை என்று நம்பியவருக்கு எப்படித் தோன்றும்? மறுநாள் நிறம் தெளிந்தும், "எங்கப்பாவுக்கும் விட்டு விட்டுத்தான் வந்துது" என்றாராம்.

4

முதல் முடிவு: கிருபா உடனே சொல்கிறாள். அவர் சிரிக்கிறார். பிறகு போனை எடுத்து, "வர வேணாம்" என்று—

(செய்யக்கூடியவர்தான்.)

இரண்டாவது முடிவு: அவள் சொல்லவே இல்லை. ஆனால் வியாழக்கிழமை காலைதான், தான் போன பிறகு கேஸ் எப்படி புக் பண்ணுவது என்று அவர் அவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு எத்தனை நாள் வாய் திறக்காமல் இருப்பாள்?

"சனிக்கிழமை வரைக்கும் பொறும்மா" என்றேன். சொன்னது சரியா தப்பா, இன்னும் தெரியவில்லை.

5

சனிக்கிழமை. பால்கனியில் நின்றேன். கார் வந்தது. இறங்கலாமா கூடாதா என்று தெரியாமல் சக்திவேல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வேதசிரோமணி கேட்டை அகலத் திறந்தார். "வண்டிய உள்ள விடுங்க தம்பி." குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஜோசலின் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு என்னம்மா?"

கிருபா நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நீங்கள் இன்னும் பால்கனியில்தான் நிற்கிறீர்கள். அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.