இரண்டுக்கும் ஒரே வயது

தம்பியின் மூக்குக்கண்ணாடியைப் பெரியக்கா கழற்றியபோது அந்த அறையில் இருந்தவர்கள்: அவன் மனைவி, அவன் மகள், ஒன்றுவிட்ட தம்பியான தரகர், பெரியக்கா. வேறு யாரும் இல்லை. உள்ளே இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டவர்கள் எல்லாம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள்.

கண்ணாடியில் கிரீஸ் அப்பியிருந்தது. தம்பி மெக்கானிக். காலையில் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துச் சரிசெய்து, ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டு, திருப்தியாக நாற்காலியில் சாய்ந்தவன்தான். மனைவி டீ கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது.

தரகர் தொண்டையைச் செருமினார். "நான் யாரையும் குத்தம் சொல்லல. ரெண்டுல ஒண்ணைத் தூக்கிக் கொடுத்துட்டா, வயசான காலத்துல உடம்பு எப்படித் தாங்கும்? போன மாசமே கிட்னி வேலை செய்யறது குறைஞ்சுபோச்சுன்னாங்களாமே."

யாரும் பெரியக்காவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே போதுமாக இருந்தது. தம்பி கொடுத்த அந்த ஒன்று முப்பது வருடமாக அவர் வயிற்றில்தான் இருக்கிறது.

"கேக்கக் கூடாதுதான் அத்தை," என்றாள் மகள், தரையைப் பார்த்தபடி. "ஆனா குறைஞ்சிருக்குன்னு அப்பாவே சொன்னார்."

பெரியக்காவிடமும் சொல்லியிருந்தான். வருடா வருடம் இருவரும் சேர்ந்தே போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பார்கள். "ரெண்டு பேருக்கும் ஒரே டோக்கன் போதும்மா, உள்ள இருக்கறதெல்லாம் நான்தான்" என்று அங்கே இருக்கும் பெண்ணிடம் வம்பு வளர்ப்பான். பெரியக்கா வேகமாக நடந்தால், "மெதுவாப் போக்கா, உனக்குள்ள இருக்கறவன் உன் தம்பி" என்பான். போன மாதம் குறைந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னான். பெரியக்கா அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. தான் வாழ்ந்த வருடங்கள் தம்பியிடமிருந்து எடுத்தவையா என்பதை அவனிடம் கேட்க வாய் வரவில்லை.

காலையில் வந்து, இதயம் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போன டாக்டரம்மா, சான்றிதழைக் கொடுக்கத் திரும்பி வந்தார். வருடா வருடம் இருவரையும் பார்த்தவர் அவர்தான். பெரியக்கா எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்பதுபோல நின்றார்.

"டாக்டர், எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. எனக்குக் கொடுத்ததாலதான் இவன் போனானா? என் மனசு நோகுமேன்னு பாக்க வேண்டாம்."

"நாப்பதைத் தாண்டினா யாருக்குமே வடிகட்டற வேகம் கொஞ்சம் கொஞ்சமாக் குறையும் டீச்சர். ரெண்டு வெச்சிருக்கறவங்களுக்கும்தான். முடி நரைக்கிறதில்லையா, அதுபோல. அன்னைக்கு ஒண்ணைக் கொடுத்ததும் மத்தது பருத்து, அதோட வேலையையும் சேர்த்து எடுத்துக்கிச்சு. எழுபத்தாறு வயசுக்கு அது நல்லாவே இருந்தது. இதை அவர்கிட்டயும் சொன்னேனே."

"குறைஞ்சிருக்குங்கறதை மட்டும்தான் வீட்டுல சொன்னான்."

"பாதி கேட்டதும் எழுந்து போற ஆளாச்சே."

மகள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

"என்னோடது?"

"அதுவும் அவரோடதுதானே. ரெண்டுக்கும் ஒரே வயசு. ஏறக்குறைய சேர்ந்தேதான் தளர்ந்துட்டு வருது."

பெரியக்கா தரகர் பக்கம் திரும்பினார். "ரெண்டையும் பத்திரமா வெச்சிருக்கற நீ படி ஏறினா வாசல்லயே மூச்சு வாங்கற. ஒண்ணோட இருந்தவன் இன்னைக்குக் காலையில மோட்டாரைத் தனியாத் தூக்கி வெச்சிருக்கான். வெளியில உக்காந்திருக்கறவங்ககிட்டயும் இதைச் சொல்லு."

"நான் என்னக்கா தப்பா..."

"போய்ச் சொல்லு."

தரகர் போனார். தம்பி மனைவி உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். மறு கையில் பெரியக்காவின் கிட்னி மாத்திரை.

"வேளை தாண்டிடுச்சு அண்ணி. அவரோடதைப் பட்டினி போட்டா என்னைத்தான் திட்டுவார்."

பெரியக்கா தம்பியின் தலைமாட்டில் நின்று, முதுகு வளையாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார். பின்கட்டில் மோட்டார் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவுக்குக் கொடுத்துச் சிறுநீரகம் கெட்டுத்தான் அவன் இறந்தான் என்று அந்தத் தெருவில் இன்னும் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. நின்றது இதயம். சிறுநீரகங்கள் இரண்டும் அன்று வேலை செய்துகொண்டிருந்தன. ஒன்று இன்றும் செய்கிறது.