காங்கேயத்தில் பதினோரு வண்டி

நஜீமுதீன் எதையும் வாய்விட்டுக் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. ஆசை வெளியே தெரிந்தால் விலை ஏறும் என்பது வியாபாரிகள் நடுவே வளர்ந்த அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிராத பாடம். ஒரு பனியன் கம்பெனி எப்படிப்பட்டது என்று அறிய அவர் முதலாளியிடம் பேசமாட்டார். ஒன்றுக்குப் போகிற சாக்கில் பின்கட்டுக்குப் போய், ஓட்டை விழுந்ததும் தையல் பிசகியதுமாக ஒதுக்கிப் போட்ட செகண்ட்ஸ் குவியலைப் பார்ப்பார். இடுப்பளவு இருந்தால் கம்பெனி மட்டம். முழங்காலளவு என்றால் பரவாயில்லை. குவியலே இல்லையென்றால் அன்றைக்கே பேசி முடிப்பார். இருபது வருஷமாக இந்தக் கணக்கு அவரைக் கைவிட்டதில்லை.

தொண்ணூற்றிரண்டில் வண்டி வாங்கவும் அதே கணக்கைத்தான் போட்டார்.

மண்ணரையில் இருபது மிஷின் போட்டுத் தையல் யூனிட் நடத்திக்கொண்டிருந்த அவருக்கு, அருள்புரத்து எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்று ஒரு வருஷ வேலையைத் தர முன்வந்தது. நிபந்தனை ஒன்றுதான். தைத்த பீஸ் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குள் அவர்கள் வாசலில் இறங்க வேண்டும். மூன்று நாள் தவறினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். சீசன் சமயத்தில் வாடகை வண்டியை நம்பி இப்படி ஒப்புக்கொள்ள முடியாது. சொந்தமாக ஒரு பிக்கப் வேண்டும்.

ஊரில் அப்போது இரண்டு வண்டிகளுக்கு இடையில்தான் போட்டி. ஒன்று கஜபதி. எருமை மாதிரி மூக்கு, எருமை மாதிரி சத்தம். மற்றது ஹிமாட்டோ. ஜப்பான்காரன் கூட்டுச் சேர்ந்து செய்தது. சீட்டில் உட்கார்ந்தால் மாப்பிள்ளை ஊர்வலம் போகிற சுகம்.

பல்லடம் ரோட்டில் மொக்கைச்சாமி என்ற உசிலம்பட்டிக்காரர் மெக்கானிக் பட்டறை வைத்திருந்தார். ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க வந்தவர்போல நஜீமுதீன் ஒரு மாசம் தினமும் அங்கே போய் டீ குடித்தார். வாயைத் திறக்கவில்லை, எண்ணினார். கிளட்ச் தேய்ந்து, ஸ்பிரிங் பட்டை ஒடிந்து, சைலன்சர் தொங்கி என்று கஜபதி முப்பத்தெட்டு வந்தது. ஹிமாட்டோ ஒன்றுகூட வரவில்லை. வேறு இரண்டு பட்டறைகளிலும் போய்ப் பார்த்தார். அங்கேயும் அப்படியே. குவியலே இல்லை.

ஆனாலும் மனசு கேட்காமல், முன்பு ஹிமாட்டோ வைத்திருந்த தூரத்து மச்சான், நூல் வியாபாரி பசீர் அகமதுவிடம் வேறு பேச்சுக்கு நடுவில் லேசாகத் தொட்டுப் பார்த்தார்.

“அத வித்துட்டேன் மச்சான். நல்ல வெலைக்குப் போச்சு.”

ஓடவும் ஓடுகிறது, விற்றால் விலையும் வருகிறது. நஜீமுதீன் மறுநாளே ஹிமாட்டோவுக்குப் பணம் கட்டினார்.

ஏழு மாசம் வண்டி தங்கமாக ஓடியது. எட்டாம் மாசம் ஒரு திங்கட்கிழமை, எஞ்சினுக்குள் யாரோ கடலைமிட்டாய் கடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அத்தோடு சரி. புகை வந்ததாகவோ எண்ணெய் ஒழுகியதாகவோ ஒரு குறையும் சொல்ல முடியாது. நின்றுவிட்டது. திங்களும் செவ்வாயும் வாடகை வண்டிக்கு அலைந்து பீஸ் போய்ச் சேர ஏழு மணி ஆயிற்று. இரண்டு நாள் தவறிவிட்டது. புதன்கிழமை காலையில் மொக்கைச்சாமியைக் கையோடு கூட்டிவந்தார்.

மொக்கைச்சாமி பானெட்டைத் திறந்தார், பார்த்தார், மூடினார்.

“பாய், இத நான் தொடமாட்டேன். இந்த ஊர்ல எவனும் தொடமாட்டான். உள்ள ஒரு பல்சக்கரம் இருக்கு, உள்ளங்கை அகலம். அதுல பல்லு போயிருச்சு. சாமான் ஜப்பான்லருந்து வரணும். பாதி வண்டி வெல. கோயமுத்தூர்ல லேத்துல கடைஞ்சும் பாத்தாங்க, நாலு நாள் தாங்கல. அதான் இந்த வண்டி எதுவும் நம்ம பட்டறைக்கு வர்றதில்ல.”

பட்டறைக்கு வராத காரணம் அதுவா?

“கஜபதி வந்துச்சேப்பா, முப்பத்தெட்டு.”

“வரும். வந்து, சாயங்காலம் ஓடிப் போயிரும். அதுக்குச் சாமான் பொட்டிக்கடைலகூடக் கெடைக்கும். ஒரு மாசம் இங்ஙன உக்காந்து டீ குடிச்சீங்கள்ல, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா நீ புரோக்கர்கிட்டச் சொல்லி வெலைய ஏத்தியிருப்பே.”

“ஏத்தியிருப்பேன்தேன். ஆனா வேற வண்டிக்கு ஏத்தியிருப்பேன்.”

காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் ஆத்தப்பனிடம் பழைய ஹிமாட்டோ கிடக்கிறது, அதிலிருந்து கழற்றலாமா பார்ப்போம் என்றார் மொக்கைச்சாமி. மொக்கைச்சாமியின் பழைய கஜபதியிலேயே அன்றைய பீஸையும் ஏற்றிக்கொண்டு மத்தியானம் புறப்பட்டார்கள். வழியில் அது இரண்டு தரம் நின்றது. மொக்கைச்சாமி இறங்கி ஒரு ஒயரைத் தட்டினார், மறுபடி ஓடியது.

மில்லின் பின்பக்கம் போன நஜீமுதீன் அப்படியே நின்றுவிட்டார். பதினோரு ஹிமாட்டோ வரிசையாக நின்றன, மழிக்காத முகம்போலத் தூசி படிந்து. எல்லாவற்றின் முதுகிலும் உடைத்த தேங்காய் காய்ந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் அவர் தேடிய குவியல் ஊருக்கு வெளியே, வெயிலில், கொப்பரை வாசத்தோடு இருந்தது.

“வாங்க பாய்,” என்றார் ஆத்தப்பன். “பல்சக்கரமுங்களா? பதினொண்ணுலயும் அதுதானுங்க போயிருக்குது. மத்ததெல்லாம் புதுசாட்டவே இருக்குது. நாலு மழை பாத்துருச்சு, துரு ஏறலீங்க. ஆயுசு கெட்டி.”

நஜீமுதீன் ஒரு வண்டியின் கதவைப் பார்த்தார். அழித்த பெயர் பாதி தெரிந்தது. நூல் கடையின் பெயர்.

“இது பசீர் அகமதுதுங்களா?”

“ஆமாங்க. அந்தக் கடைசில நிக்கறது நூல்மில்லு நடத்தற சாமியாத்தாளம்மாளுது. எல்லாரும் வெவரமானவுங்கதான். ஒரே கண்டிசனுங்க, வெளிய சொல்லப்படாதுன்னு. ஏமாந்தது தெரிஞ்சா நாளைக்கு வியாபாரத்துல எவன் மதிப்பான்?” ஓரத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினார். “உங்களுதும் அங்க நிக்கட்டுமுங்க. இரும்பு வெலைக்கு எடுத்துக்கறேன்.”

அந்த நிலையிலும் நஜீமுதீனின் வாய் தன்பாட்டுக்கு ஐந்நூறு ஏற்றிக் கேட்டது. ஆத்தப்பன் கொடுத்தார். பணம் பைக்குள் போன பிறகுதான் தன் வண்டியை விற்றுவிட்டது அவருக்கு உறைத்தது.

அருள்புரத்து வாசலில் கஜபதி நுழைந்தபோது ஐந்தாக எட்டு நிமிஷம் இருந்தது. மேனேஜர் திருமூர்த்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு வண்டியை.

“தப்பிச்சீங்க பாய். உங்க ஜப்பான் வண்டி எங்கீங்க?”

“வித்துட்டேனுங்க.”

“அதுக்குள்ளயா? என்ன வெலைக்குப் போச்சு?”

“நல்ல வெலைக்குப் போச்சுங்க.”

சொன்ன பிறகுதான் அது பசீரின் வார்த்தை என்று நஜீமுதீனுக்குத் தெரிந்தது. தன் நாக்கில் வேறொருவன் உட்கார்ந்து பேசிய மாதிரி இருந்தது. திருமூர்த்தி சந்தோஷமாகத் தலையாட்டினார்.

“அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. நம்ம கம்பெனிக்கும் அந்த வண்டியத்தான் பாத்தேன்.”

உண்மையைச் சொன்னால் வாசலில் நிற்கிற கஜபதி இரவல், தன்னிடம் வண்டியே இல்லை என்பது வெளியாகும். நாளைக்கு வேலை இருக்காது. இருபது மிஷினும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சொல்லாவிட்டால் அந்தத் தேங்காய் வரிசையில் திருமூர்த்தியின் வண்டியும் போய் நிற்கும்.

“இருங்க சார். நான் சொன்னது பொய்யிங்க. காங்கேயத்துல அதுமேல தேங்காய் காயுதுங்க.”

பல்சக்கரம், பதினோரு வண்டி, வெளியே சொல்லக்கூடாது என்ற கண்டிசன் என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கேட்கக் கேட்கத் திருமூர்த்தியின் முகம் வெளிறியது. பக்கத்தில் இருந்த அட்டைப்பெட்டிமேல் மெல்ல உட்கார்ந்தார்.

“ரெண்டு வண்டிக்கு முழுப்பணமும் கட்டியாச்சுங்க, நாளைக்குக் காலைல வருது. நாந்தான் மொதலாளிகிட்டச் சிபாரிசு பண்ணினேன். மூணு பட்டறைல விசாரிச்சேன், ஒரு ரிப்பேர்கூட வரலைன்னாங்க.”

உள்ளே யாரோ பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டது.

“இத வேற யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா பாய்?”

“இல்லீங்க.”

“சொல்லாதீங்க. நாளையிலருந்து நாலு மணிக்கு நம்ம புது ஜப்பான் வண்டியே மண்ணரைக்கு வந்து பீஸ எடுத்துக்கும்.” எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். “அந்த வண்டி நிக்கிற வரைக்கும்.”