எழுபத்து மூன்றாவது கட்டம்

கணிப்பொறிக்கு ஊட்ட அவள் துளையிட்ட அட்டைகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கணிப்பொறி அறையில் அவளுக்கு ‘முத்தக்கா’ என்றே பெயர். நிரல் எழுதுகிற தம்பி தாளில் நெருக்கிப் பிடித்து எழுதித் தருவான். அவள் ஒவ்வொரு குறிக்கும் இருபுறமும் இடம் விட்டு, வரி மூச்சு விடுகிறாற்போல அட்டையில் அடித்துக் கொடுப்பாள். நிரல் எழுதும் ஃபோர்ட்ரான் மொழிக்கு இடைவெளி ஒரு பொருட்டில்லை என்பதால் யாரும் தடுத்ததில்லை.

அந்த வாரம் ஆஸ்பத்திரி வேலை வந்தது. கதிர்வீச்சு இயந்திரத்தின் கீழ் எந்த நோயாளி எத்தனை நிமிடம் படுக்க வேண்டும் என்று கணக்கிடும் நிரல். அவளுடைய அக்கா வீட்டுக்காரருக்குக் கழுத்தில் கட்டி; வைத்தியம் அங்கேதான். ஆகவே இன்னும் பார்த்துப் பார்த்து அடித்தாள். நிரலை இயந்திரத்துக்குப் புரிகிறபடி மாற்றித் தரும் கம்பைலர், பிழை ஒன்றுமில்லை என்று அச்சடித்துத் தந்தது.

அந்த நிரல் கணக்கிட்ட புது நிமிடப் பட்டியல் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று மதியம் அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் உற்சாகமாக இருந்தார்.

“வழக்கமா ஒரு நிமிஷத்துல எழுப்பி விட்டுடுவாங்க. இன்னைக்குப் பத்து நிமிஷம். குறட்டையே விட்டுட்டேன்னா பாத்துக்கோ.”

வீட்டில் விடுவது போதாதா என்று அக்கா இடித்தாள். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பத்து மடங்கு.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கணிப்பொறி அறைக்கு ஓடிவந்து, அட்டைக்கட்டுக்குள்ளிருந்து அந்த நீளமான சூத்திரத்தின் அட்டையை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கடைசியில் நாற்பதால் வகுக்க வேண்டும். நான்கு, எழுபத்திரண்டாவது கட்டத்தில் இருந்தது. சுழியம், எழுபத்து மூன்றில். அட்டையில் எண்பது கட்டம் இருந்தாலும் கம்பைலர் படிப்பது எழுபத்திரண்டு வரைதான். மிச்சம் அட்டைக்கு வரிசை எண் போட. தம்பியின் தாளில் எல்லாம் உள்ளேயே அடங்கியிருந்தது. அவள் அழகுக்கு விட்ட இடம்தான் சுழியத்தை வெளியே தள்ளியிருந்தது.

தப்பு இருந்தால் கம்பைலர் கத்தியிருக்குமே என்றான் தம்பி.

“அது எதுக்குடா கத்தணும்? அதுக்கு நாலு மட்டுந்தானே கண்ணுக்குத் தெரிஞ்சுது.”

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, உடனே நிறுத்தச் சொன்னாள். பதினோரு பேருக்கு முடிந்துவிட்டது, பன்னிரண்டாவது ஆள் இப்போதுதான் உள்ளே போனார் என்றது குரல். பிறகு ரிசீவரைக் கீழே போடும் சத்தம், யாரோ ஓடும் சத்தம். அவள் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள்.

பக்கத்து மேஜைப் போன் அடித்தது. தம்பி எடுத்தான். கேட்டான். ரிசீவரின் வாய்ப்புறத்தைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினான்.

“உங்க அக்காதான். அவருக்குக் கழுத்து செவசெவன்னு இருக்காம். வெயில்ல நடந்து வந்ததாலயான்னு கேக்கறாங்க. என்னக்கா சொல்லட்டும்?”