வட்டவடையில் ஒரு மின்விசிறி

வெளிநாட்டு அரசாங்கம் ஒன்று, பொய்ப் பெயரும் பொய் முகமும் கொடுத்து, மென்பொருள் கம்பெனிகளில் வேலை கேட்க ஆள் அனுப்புகிறது என்று எச்சரிக்கை வந்தது. அன்றிலிருந்து, மலைமேல் சித்திரபுரத்துக் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்தபடி நேர்காணல் நடத்தும் ஜிஸ்மிக்குச் சரியான தூக்கமில்லை. முதலாளி பினு சொன்ன வழி எளிது. சந்தேகம் வந்தால் காட்டிக்கொள்ளாதே. சிரித்துப் பேசு. முகத்துக்கு முன்னால் கையை ஆட்டச் சொல்; பொய் முகமென்றால் திரையில் சிதறும். பிறகு, கம்பெனியின் கணினிப் பாதுகாப்பு பார்க்கும் வினோவிடம் தெரிவி.

வினோ, போன மழைக்காலத்தில் ஜிஸ்மியே தேர்ந்தெடுத்த ஆள். முதலமடையில் மாந்தோப்புக்கு நடுவே வீடாம். ரேஞ்ச் போதாது என்று கேமரா போடமாட்டான். அவன் பேசும்போதெல்லாம் பின்னால் ஒரு மின்விசிறி டக்... டக்... என்று இடிக்கும். முதலமடை வெயிலுக்கு அது நியாயம்தான். ஜிஸ்மியின் முகவரி வாங்கி, அவளுக்குப் புது லேப்டாப்பைத் தயார்செய்து அனுப்பியதும் அவனே.

இன்று வந்தவன் பெயர் ஜெகன்.

"சொந்த ஊரு?"

"வட்டவடை மேடம். கேரட்டு, பூண்டு போடுறோம். இப்பவும் வீட்லதான் இருக்கேன்."

கையை ஆட்டச் சொன்னாள். ஆட்டினான். முகம் சிதறவில்லை. தேறிவிட்டான் என்று அவள் மூச்சு விட்டபோது, அவனுடைய கேமரா லேசாகச் சரிந்தது. தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

வட்டவடைக் குளிரில் கல்யாணச் சீருக்குக்கூட யாரும் மின்விசிறி கொடுப்பதில்லை. கம்பளிதான்.

டக்... டக்...

அதே அழைப்பில் அதுவரை ஓசையின்றிக் கேட்டுக்கொண்டிருந்த வினோ மைக்கைப் போட்டான். "நல்ல பையனாத் தெரியுது ஜிஸ்மி. எடுத்துக்கலாம்."

டக்... டக்... இரண்டு பேரின் பின்னாலும், ஒரே தாளத்தில்.

ஒரே மின்விசிறி, ஒரே அறை என்று ஜிஸ்மிக்குப் புரிந்தது. மைக்கை அணைத்துவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பினாள். "அம்மா, மெயின் சுவிட்சை அணை!"

"ஏட்டி, மாவு பாதிதான் ஆட்டியிருக்கேன். கரண்டே இப்பதான் வந்துச்சு" என்றாள் பிலோமி.

"அணைம்மா!"

இணையம் அறுந்தது. ஜெகன் திரையில் உறைந்தான். இந்த மலையில் கரண்ட் போனதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. லேப்டாப்பை மூடாமலே, ஜிஸ்மி கைபேசியில் பினுவை அழைத்தாள்.

"அண்ணே, அந்தப் பையன் போலி. அவன் மட்டுமில்ல, உள்ள இன்னொருத்தனும்..."

"இரு, இரு. உனக்குக் கரண்ட் போச்சுன்னு சொல்ல வினோவே கூப்பிட்டான். அவனும் லைன்லதான் இருக்கான். அவன்கிட்டயே சொல்லு."

கைபேசிக்குள்ளிருந்து அதே சத்தம்.

டக்... டக்...

"சொல்லுங்க ஜிஸ்மி" என்றான் வினோ, மிகவும் மரியாதையாக. "யாரு அந்த இன்னொருத்தன்? அப்புறம், பாவம், அம்மாவை மீதி மாவையும் ஆட்டச் சொல்லுங்க."

மைக்கை அணைத்த பிறகுதான் அம்மா மாவைப் பற்றிப் பேசினாள். மேஜை மேல், அவன் அனுப்பிய லேப்டாப் திறந்தே இருந்தது.

காட்டிக்கொள்ளாதே. சிரித்துப் பேசு.

ஜிஸ்மி சிரித்தாள்.