முகமூடி போட்ட எண்கள்

சக ஊழியை ஒடீல் பெர்ஜரோன் மென்பொருளில் செய்த திருத்தத்தைத் தூக்கிவிட வேண்டும் என்று மதியக் கூட்டத்தில் பிடிவாதமாக நின்றவர் வெண்டல் க்ராஸ். கனாட்டா என்ற ஊரில் இருந்த அந்த நிறுவனம் மருத்துவமனைக் கருவிகளுக்கு இயங்குதளம் எழுதியது. அதில் தகவலைச் சேமிக்கும் வட்டுப் பகுதி முழுக்க வெண்டலின் ராஜ்ஜியம். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

ஒடீல் செய்தது பெரிய காரியமில்லை. இயங்குதளம் தான் செய்யும் வேலைகளை லாக் என்னும் பதிவேட்டில் எழுதும்போது, எந்தத் தகவல் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரியையும் அப்படியே எழுதிவந்தது. திருடனுக்கு நாமே விலாசம் எழுதிக் கொடுப்பது போல. போன குளிர்காலத்தில் அப்படி ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வெளியாள் ஒருவன் ஒரு கருவிக்குள் புகுந்தே விட்டான். அதனால் ஒடீல், முகவரிக்குப் பதிலாக ரகசியச் சாவியால் உருமாற்றிய எண் மட்டும் லாகில் வரும்படி மாற்றினாள்.

வெண்டலுக்கு அங்கேதான் வலித்தது. புதிய வெளியீட்டுக்கு முன் வட்டை இயக்கும் அவருடைய டிரைவர் நிரல் படுத்துப் படுத்து எழுந்துகொண்டிருந்தது.

"நேத்து ஒரு எண் வந்துது, இன்னிக்கு அதே இடத்துல வேற எண் வருது. இந்தக் குப்பைய வெச்சுக்கிட்டு நான் எங்க போய்த் தேடறது? கண்ணக் கட்டிக் காட்டுல விட்டுட்டியேம்மா."

குழுத் தலைவி தம்சின் இரண்டு பேரையும் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் இந்த லாகை வைத்தே தவறைக் கண்டுபிடித்தால் திருத்தம் இருக்கும், இல்லாவிட்டால் பழைய முகவரிகளோடுதான் வெளியீடு என்று சொல்லிவிட்டாள். அப்படி வெளியானால் ஒவ்வொரு மருத்துவமனையிலும் அதே கதவு திறந்து கிடக்கும்.

ஒடீல் வெண்டலின் மேசைக்குப் போனாள். திரையில் இரண்டு லாகுகள் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன.

"இது ரெண்டும் கருவிய ஒரே தடவ எழுப்பி ஓட்டினதா?"

"இல்ல. இடது பக்கம் நேத்து கருவி விழுந்தப்ப வந்தது, வலது பக்கம் இன்னிக்கு விழுந்தப்ப வந்தது. நான் எப்பவும் இப்படித்தான் பார்ப்பேன்."

ஒடீலுக்குப் பொறி தட்டியது. வெண்டலின் சோதனைக் கருவியில், ஒவ்வொரு முறை எழும்போதும் முகவரிகளைக் கலைத்துப் போடும் பாதுகாப்பு வசதியை அவர் எந்தக் காலத்திலோ அணைத்துவிட்டிருந்தார். எத்தனை முறை எழுப்பினாலும் அதே முகவரி. அந்தப் பழக்கத்தில் இரண்டு நாள் லாகுகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஒடீலின் சாவியோ கருவி எழும் ஒவ்வொரு முறையும் மாறும், கூடவே எண்ணும் மாறும். ஒரே ஓட்டத்துக்குள் மட்டும் மாறாது.

கருவியை மறுபடி ஓடவிட்டு, விழும்வரை காத்திருந்தாள். விழுந்ததும் கடைசி வரியிலிருந்த எண்ணை எடுத்து, அதே லாகில் மேல்நோக்கித் தேடினாள். மூன்று இடத்தில் அகப்பட்டது. நினைவகத்தில் அந்த இடத்தை ஒரு முறை வாங்கியது. காலம் கடந்ததென்று ஒரு முறை விடுவித்தது. வேலை முடிந்ததென்று இன்னொரு முறை விடுவித்தது. ஏற்கெனவே விட்ட இடத்தை மறுபடி விட்டதில்தான் கருவி விழுந்திருக்கிறது.

"இவன் வீடு எங்கன்னு எனக்குத் தெரியாது, வெண்டல். தெரியவும் வேணாம். ஆனா ஒரே ஆள ரெண்டு தடவ வழியனுப்பி வெச்சிருக்கீங்க."

வெண்டல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இரண்டு இடமும் அவர் கையால் எழுதியவை. மளமளவென்று சரிசெய்தார். சோதனை தடுக்காமல் ஓடி முடிந்தது. ஆனாலும் மனிதர் லேசில் விடுகிறவரா?

"என்ன இருந்தாலும் தினமும் ஒரே எண்ணா வந்தா வசதிதான்."

"உங்களுக்கு மட்டுமா? திருட வர்றவனுக்கும் அதான் வசதி."

பக்கத்து மேசைகளில் சிரிப்பு பரவியது. வெண்டலும் சிரித்துவிட்டார். ஒடீலின் திருத்தத்துக்குக் கீழே, வட்டுப் பகுதியின் சார்பில் ஒப்புதல் என்று எழுதித் தன் பெயரைப் போட்டார். அவரே போட்டபிறகு மற்றவர்கள் ஏன் தயங்கப்போகிறார்கள்? நெட்வொர்க் பகுதிக்காரர்கள் போட்டார்கள், திரைப் பகுதிக்காரர்கள் போட்டார்கள். தம்சின் வெளியீட்டுக்குப் பச்சைக்கொடி காட்டினாள். வெளியிடும் பொத்தானை அழுத்தும் உரிமை ஒடீலுக்கு. முதுகை நிமிர்த்திக்கொண்டு அழுத்தினாள்.