தொண்ணூறாம் நாள் எடை

"எண்பத்து நாலு!" தராசின் மேல் நின்றபடியே கத்தினான் அவன். நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்த ஆட்டுக்குட்டி அவன் வயிற்றில் இரண்டு உதை விட்டது. "என் அறுபதைக் கழிச்சா இருபத்து நாலு. எழுதிக்கோ."

அவள் எழுதினாள். அவளுடைய ஆறு குட்டிகளும் சராசரி இருபத்து நாலு கிலோ. அவனுடைய ஆறும் அதே இருபத்து நாலு. பென்சிலைக் கடித்துக்கொண்டு மறுபடி கூட்டிப் பார்த்தாள். கணக்கு இம்மியும் அசையவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் தாய்ப்பால் மறந்த பன்னிரண்டு குட்டிகளைக் கணவனும் மனைவியும் ஆளுக்கு ஆறாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்போது இரண்டு பங்கும் ஒரே எடை. எல்லாம் ஒரே நிலத்தில்தான் மேய்ந்தன. காதில் சிவப்புப் பொட்டு வைத்த அவளுடைய ஆறுக்கு மட்டும் சாயங்காலம் உடைத்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் தாது உப்பு. "புல்லு போதாதாமா? ஆட்டுக்கு விருந்து வைக்கிறா பாரு" என்று அவன் தினமும் கிண்டலடித்தான். ஒருவர் குட்டியை மற்றவர் தொட்டால் ஏமாற்றுவார் என்று, அவரவர் குட்டியை அவரவரே தூக்கி நிறுப்பதாகப் பேச்சு.

தீவனம் ஜெயித்தால் மந்தை வீட்டுப் பட்டியிலேயே வளரும். தோற்றாலும் சமமாக நின்றாலும் அவன் வழக்கம்போல மந்தையை ஓட்டிக்கொண்டு புல்லிருக்கும் தூரதேசத்துக்குப் போவான். திரும்பி வர ஏழு மாதம் ஆகும். அவளுக்கு ஆட்டின் எடையைவிட அந்த ஏழு மாதம்தான் கனம். கட்டிக்கொண்டவனை வருஷத்தில் பாதி நாள் போனில் மட்டும் பார்க்க அவளுக்குச் சலித்துப்போயிருந்தது. வாய்விட்டுச் சொன்னால் அவனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று புண்ணாக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்ப திங்கக்கிழமை கிளம்பறேன்" என்றான். ஜெயித்தவன் குரலில் அத்தனை உற்சாகம் இல்லை.

நடுவராக வந்திருந்த கறிக்கடைக்காரர் முன்னால் வந்தார். குனிந்து, சிவப்புப் பொட்டுக் குட்டி ஒன்றின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு அவன் குட்டி ஒன்றை.

"தங்கச்சி, உன் குட்டியில முதுகெலும்பைத் தேடித்தான் பிடிக்கணும், அவ்வளவு சதை. தொடையும் திரண்டிருக்கு. இவனோடதுல எலும்பு விரலைக் குத்துது. ரெண்டும் ஒரே எடைன்னா நான் நாளைக்கே கடையைச் சாத்திடறேன்."

அவள் குட்டிகளைப் பார்த்தாள். தராசைப் பார்த்தாள். அப்புறம் கணவனை, மூன்று மாதத்தில் முதல் தடவையாக, அளவெடுக்கிற கண்ணோடு பார்த்தாள். சட்டையின் நடுப் பொத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"குட்டியை இறக்கிட்டு, நீங்க மட்டும் ஏறுங்க."

"எதுக்கு? என் எடை எனக்குத் தெரியாதா? கல்யாணத்துலேருந்து அறுபதுதான்!"

"ஏறுங்கன்னா."

ஏறினான். முள் அறுபதைத் தாண்டி, நிதானமாக அறுபத்து நாலில் போய் நின்றது.

கறிக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மூணு மாசம் வீட்டுச் சாப்பாடு! தீவனம் ஆறுக்கு இல்லடா, ஏழுக்குப் போயிருக்கு!"

அவளுக்குச் சிரிப்பில் கண்ணே நிறைந்துவிட்டது. அவன் குட்டிகளின் கணக்கில் ஒவ்வொரு எண்ணாக அடித்து நாலு நாலாகக் குறைத்தாள். இருபது, இருபது, பத்தொன்பதரை.

அவன் தராசிலிருந்து இறங்கி, சாக்கிலிருந்து இரண்டு கை தீவனம் அள்ளித் தன் குட்டிகளின் முன் மண்டியிட்டான். அவை இதைக் கண்டதில்லை. ஒன்று மோந்து பார்த்துத் தவிடு மூக்கில் ஏறித் தும்மியது. இன்னொன்று தைரியமாக வாய் வைத்தது. அவ்வளவுதான், ஆறும் முண்டியடித்தன.

"மெதுவாத் தின்னுங்க, எதுக்கு அவசரம்?" என்றான் அவற்றிடம். "நாளைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னான். அவன் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. தவிடு அப்பிய ஒரு சின்ன மூக்கு அவன் வெறும் உள்ளங்கையை இன்னும் நக்கிக்கொண்டிருந்தது.