தோள்வலிக்கு நோக்குகூலி

வன்னியபெருமாளின் இடது தோள்வலி இப்போது ஜார்ஜியா நாட்டில் இருக்கிறது. சாலை என்கிற பெரிய பஜாரில் மூட்டை எடுக்க வந்த புதிதில் அவரிடம் சேர்ந்த வலி அது. கழுத்துக்குக் கீழே, கை பிரியும் இடத்தில், நெல்லிக்காய் அளவில் உட்கார்ந்திருக்கும். மழைக்கு முன்னால் கொய்யாக்காய் அளவுக்குப் பெருக்கும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க ஒரு நாளும் விட்டதில்லை. அவர் மனைவி பேச்சி தைலம் தேய்த்துத் தேய்த்து அவளுடைய உள்ளங்கை ரேகைகள் பாதி அழிந்துபோயிருந்தன. வீட்டில் அந்த வலியும் ஓர் ஆள்தான். ரேஷன் கார்டில் பேர் இல்லை, அவ்வளவே.

ஓணம் வாரத்தில் பல நாட்டு நாட்டார் கலைஞர்களை வரவழைத்து ஆடவைக்க ஒரு விழாக் கமிட்டி ஏற்பாடு செய்தது. தம்பானூர் லாட்ஜுகளில் இடம் கிடைக்காததால், வருகிறவர்களை வீடுகளில் தங்கவைக்கலாம் என்று முடிவானது. மகள் ஷிஜா கல்லூரியிலிருந்து விழாவுக்குத் தொண்டராகப் போயிருந்தவள், அப்பாவின் நம்பரையும் கொடுத்துவிட்டாள். கமிட்டியிலிருந்து போன் வந்தபோது வன்னியபெருமாள் தலையில் உளுந்து மூட்டையோடு நின்றிருந்தார். “சேட்டா, எத்ர பேரை எடுக்கான் பற்றும்?” எத்தனை பேரை எடுக்க முடியும் என்று ஒரு பெண் குரல் மலையாளத்தில் கேட்டது. லாரிச் சத்தத்தில் எடுப்பது மட்டும்தான் காதில் விழுந்தது; எடுப்பது என்றால் அவருக்குச் சுமப்பதுதான். எத்தனை நடை என்று கேட்கிறார்கள் போலும் என நினைத்து, “நாலு எடுக்கலாம். அதுக்கு மேலன்னா கூட ஒரு ஆளு வேணும்,” என்றார். கமிட்டி நன்றி சொன்னது. சாயங்காலம் ஷிஜா சிரித்துக்கொண்டே வந்து விவரம் சொன்னபோது, வீட்டில் இருந்த இரண்டு அறைகளையும் மாடியில் ஷீட் போட்ட இடத்தையும் பேச்சி ஒருமுறை பார்த்தாள். பிறகு அரிசி ஊறப்போட்டாள்.

நாலு பேர் வந்து இறங்கினார்கள். எல்லோரும் ஜார்ஜியாவின் மலைப்பக்கத்து ஆட்கள், வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். அதில் இளையவன் பேர் தாதோ. பேச்சியின் வாயில் அது தாத்தா என்று ஆகிவிட்டதால், மீசை சரியாக முளைக்காத பையனை அவள் தாத்தா தாத்தா என்று கூப்பிட்டுப் புட்டும் பயறும் போடுவதைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மதில் ஓரத்துக்கு வந்தார்கள். வந்தவர்கள் தங்கள் ஊர்ப் பலகாரம் கொண்டு வந்திருந்தார்கள். வால்நட் பருப்பை நூலில் கோத்து, காய்ச்சிய திராட்சைச் சாற்றில் முக்கி உலர்த்தியது, பார்வைக்கு மெழுகுவர்த்தி. கரண்ட் போனபோது பேச்சி ஒன்றைக் கொளுத்தினாள். கரண்ட் வருகிற வரைக்கும் எரிந்தது. மிச்சத்தை அவர்களே தின்றார்கள்.

அவர்களுடைய ஆட்டத்தில் ஒன்று இரண்டு அடுக்கு. கீழே ஒரு வட்டமாக ஆட்கள் தோளோடு தோள் கோத்து நிற்க, அவர்கள் தோள்மேல் இன்னொரு வட்டம் ஏறி நின்று பாடும், கீழ்வட்டம் சுற்றும். வேறு வீடுகளில் தங்கியவர்களும் வந்து பின்புறக் காலி மனையில் ஒத்திகை பார்த்தார்கள். அன்றைக்குக் கீழ்வட்டத்தில் ஒருவன் சாம்பார் ஒத்துக்கொள்ளாமல் படுத்துவிட்டான். குழுவின் பெரியவர், வேலை முடிந்து வந்த வன்னியபெருமாளின் தோளை மாட்டுத் தரகர் பார்ப்பதுபோல் பார்த்தார். சைகையில் கேட்டார். வன்னியபெருமாள் கைலியை மடித்துக் கட்டிப் போய் நின்றார். தாதோ அவர் தோளில் ஏறினான். மிளகாய் வத்தல் மூட்டையைவிட லேசான பாரம்தான். வட்டம் சுற்றிக்கொண்டிருக்கையில், உள்ளே இருந்த நெல்லிக்காய் அசைந்து, மேலே நகர்ந்து, பையனின் பாதத்துக்குள் போனதை அவர் உணர்ந்தார். ஆட்டம் நடுவில் இருந்ததால் வட்டத்தோடு சுற்றினார்.

மறுநாள் காலையில் அவர் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடி விழித்தார். தாதோ அடுக்களை வாசலில் இடது கையைத் தூக்க முடியாமல் நின்றான். அவன் மேல் வத்தல் நெடி அடித்தது. பேச்சி விரலால் தொட்டுப் பார்த்தாள். அடுத்த வீட்டு முற்றத்தில் மேயும் தன் கோழியை அடையாளம் காண்பவள்போலக் கண்டுகொண்டாள்.

“இது நம்ம வலியாக்கும்,” என்றாள்.

வலி தன் பழக்கத்தை விடவில்லை. விடிகிற நேரத்தில் தாதோவை எழுப்பிச் சாலைக்கு இழுத்துக்கொண்டு போனது. லாரி திரும்புகிற முனையில் அவன் போய் நின்றான். சும்மாடு கட்டத் தெரியாமல் தலையில் துண்டை வைத்துக்கொண்டு நின்றவனுக்கு அங்குள்ளவர்கள் பால் விடாத கட்டஞ்சாயா வாங்கிக் கொடுத்தார்கள். மழை வரப்போவதை அவன்தான் முதலில் சொன்னான். தோளைப் பிடித்துக்கொண்டு வானத்தைக் காட்டுவான், கடைக்காரர்கள் தார்ப்பாய் இழுத்து மூடுவார்கள். குழுவின் பெரியவர் போனில் பேசி மொழிபெயர்த்துக் காட்டினார்: ஏறிப் போனது ஏறினால்தான் இறங்கும், வன்னியபெருமாள் பையனின் தோளில் ஒரு தரம் ஏறி நிற்க வேண்டும். பார்ப்போம் என்றார் வன்னியபெருமாள். முதலில் லோடு அதிகம் என்றார். அடுத்து, தரை வழுக்குகிறது என்றார். உண்மையில், வலி போனதிலிருந்து அவர் ராத்திரியில் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்து, எச்சில் ஒழுக, கல்யாணத்துக்கு முன்பு தூங்கியதுபோல் தூங்கினார்.

லோடு இறக்கும் கூட்டத்துக்குத் தலைவர் சத்தியதாஸ். அவர் காலத்தில் நோக்குகூலி என்று ஒன்று இருந்தது: சரக்குக்காரன் தன் சொந்த ஆட்களை வைத்து இறக்கினாலும், அதைப் பார்த்துக்கொண்டு நின்ற சுமட்டுத் தொழிலாளிக்குக் கூலி உண்டு. பிறகு சர்க்கார் அதை நிறுத்தியது. வன்னியபெருமாளும் வாங்கியவர்தான், கூச்சப்பட்டதில்லை. ஒரு காலை தாதோ முனையில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதைக் காட்டி சத்தியதாஸ் சொன்னார்:

“எடே வன்னியா, உன் லோட அந்தப் பய எடுக்கான். நீ பாத்துட்டு நிக்க. இதுக்கு நோக்குகூலி உண்டு, கேட்டியா.”

“யாரு எனக்குத் தருவா?”

“உனக்கா? நல்ல கதை. இதுல நீயாக்கும் குடுக்கணும்.”

வீட்டில் பேச்சி விருந்தாளிகளுக்கு இஞ்சிப்புளி, நார்த்தங்காய் என்று பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தாள். தாதோ கடைசி நாளில் ஆட வேண்டியவன், கை தூக்க முடியாதவன் எப்படி ஆடுவான் என்று ஷிஜா கேட்டாள். வன்னியபெருமாள் படுக்கப் பாயை உதறிப் போட்டார். பேச்சி மூடியை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: “வந்த பிள்ளைக்கு என்னத்தக் கட்டிக் குடுத்தாங்கன்னு அவன் அம்மா கேட்பால்லா. ஊறுகாயும் எங்க வீட்டுக்காரரு நோவும்னு சொல்லட்டும்.”

கடைசி நாள் விழா மேடை போட்ட கனகக்குன்றில் கூட்டம். கையைத் தூக்க முடியாதவனால் மேலே ஏற முடியாது என்பதால் தாதோவைக் கீழ்வட்டத்தில் நிறுத்தினார்கள். ஒரு ஆள் அவன் தோளில் ஏறினான். தாதோ முதலில் முழங்காலைத் தளர்த்தி, மூச்சை வெளியே விட்டு, பிறகு எழுந்தான். கூட்டத்தில் நின்ற வன்னியபெருமாளுக்கு அது தெரிந்தது. வத்தல் மூட்டைக்கு அடியிலிருந்து அவர் எழுவது அப்படித்தான். வலிக்குச் சுமக்கத் தெரிந்திருந்தது. வட்டம் அசையாமல் சுற்றியது. தாதோவின் முகம் வெளுத்து, கண்ணில் தண்ணீர் நின்றது. கூட்டம் கைதட்டியது. வன்னியபெருமாள் தட்டவில்லை, பார்த்துக்கொண்டு நின்றார்.

காலையில் வண்டி வந்தது. பேச்சி ஊறுகாய் பாட்டில்களோடு வாசலில் நின்றாள். வன்னியபெருமாள் செருப்பைக் கழற்றினார். யாரும் சொல்லாமலே தாதோ வாசலில் குந்தி, விரல்களைக் கோத்து, அவர் மிதித்து ஏறக் கையைப் படிபோல் நீட்டினான். வன்னியபெருமாள் ஒரு காலை அதில் வைத்தார். பையனின் தோள் கண்முன்னால் இருந்தது, அதற்குள் தன் நெல்லிக்காய் துடிப்பதும் தெரிந்தது. முந்தின ராத்திரித் தூக்கம் இன்னும் உடம்பில் மிச்சம் இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். வன்னியபெருமாள் காலை எடுத்துச் செருப்பில் நுழைத்தார்.

“நேரமாச்சு. பிளேனு போயிரும்,” என்றார்.

தாதோ எழுந்து, வலது கையால் அவரைக் கட்டிப்பிடித்து, வண்டியில் ஏறிக்கொண்டான். அந்த ஆவணி முழுக்கப் பேச்சி புருஷனிடம் நேரடியாகப் பேசவில்லை; ஷிஜா வழியாகத்தான் சாப்பிடக் கூப்பிட்டாள்.

பிறகு வருஷங்கள் போயின. தாதோ அங்கே கீழ்வட்டத்துக்குத் தலைவனாகி, கல்யாணம் செய்துகொண்டான்; பெண்டாட்டி வால்நட் எண்ணெய் தேய்த்துவிடுகிறாள் என்று ஷிஜாவுக்குப் போனில் எழுதினான். பேச்சி ஓணத்துக்கு ஓணம் தைலம் பார்சல் அனுப்புகிறாள். சாலையில் வத்தல் லாரி திரும்பும்போது அவனுக்கு அங்கே தோள் குத்துகிறது. அப்போது போன் செய்து லோடு வந்துவிட்டதா என்று கேட்கிறான், பெரும்பாலும் வந்திருக்கும். வன்னியபெருமாளின் இடது தோளில் மூட்டை இப்போது நிற்பதில்லை, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தோளுக்குத் தெரியாமல் வழுக்கி விழுகிறது; வலது தோளில் எடுக்கிறார். இடது பக்கம் படுத்து நன்றாகத் தூங்குகிறார். மழை வருமா என்று யாராவது கேட்டால் ஜார்ஜியாவில் கேட்கச் சொல்கிறார். இதில் சாலையில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. நோக்குகூலி கணக்கு மட்டும் சத்தியதாஸ் மறக்காமல் வைத்திருக்கிறார்: பணமாகத் தந்து தீராது, வன்னியபெருமாள் தாதோவுக்கு ஒரு தோள் பாக்கி.